நேரோய்ஃபியோர்டில் ஓர் இரவு: வழிகாட்டி இல்லாமல் கயாக்கில் போய், கூடாரமடித்துத் தங்கித் திரும்ப ஒரு முழு வழிகாட்டி

நார்வேயில் கயாக் பயணம் என்று பேச்செடுத்தாலே, "ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் துடுப்பு வலிக்க முடியும்?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். செங்குத்து மலைகளுக்கு நடுவே கடல் நீண்டு புகுந்த குறுகிய நீர்ப்பகுதியான (அதைத்தான் ஃபியோர்டு என்கிறார்கள்) நேரோய்ஃபியோர்டுக்கு அந்தக் கேள்வி அதிகம் உதவாது. அதன் நீளமே 17, 18 கிலோமீட்டர்தான். ஓரளவு பழகிய ஒருவர் ஒரே நாளில் அதைக் கடந்துவிடலாம். இங்கே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. எங்கே கரையேற முடியும்? காற்று எப்போது எழும்? இவற்றுக்குப் பதில் கையில் இருந்தால் பயணத் திட்டம் தானாகவே அமைந்துவிடும். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டையும் சுற்றித்தான் வரும்.

இடம் எப்படிப்பட்டது

நார்வேயின் மிக நீளமான ஃபியோர்டு சோங்னஃபியோர்டு. கடலிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் நாட்டுக்குள் நீள்கிறது. அதன் கிளை ஔர்லண்ட்ஃபியோர்டு. அந்தக் கிளையிலிருந்து பிரியும் சிறு கிளைதான் நேரோய்ஃபியோர்டு. உள்முனையில் குட்வாங்கன் என்ற சிற்றூர், வெளிமுனையில் பெய்ட்டெலன் என்ற மலைமூக்கு. மிகக் குறுகிய இடத்தில் அகலம் 250 மீட்டர்தான். இருபுறமும் மலைகள் ஆயிரம் மீட்டரைத் தாண்டி எழுகின்றன. 2005-இல் கெய்ராங்கர்ஃபியோர்டோடு சேர்த்து யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பனியாறு மலையைக் குடைந்து உண்டாக்கிய பள்ளத்தில் கடல் புகுந்ததால், பல இடங்களில் பாறை நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. அங்கே கால் வைக்கக்கூட இடம் கிடையாது. வரைபடத்தில் கரைக்கோடு நீளமாகத் தெரிந்தாலும் கயாக்கை இழுத்துப் போடத் தோதான இடங்கள் குறைவு. ஓடைகள் கொண்டுவந்து கொட்டிய மண்மேடுகள், பழைய பண்ணை நிலங்களின் ஓரங்கள், சில கூழாங்கல் கரைகள், அவ்வளவுதான். ஆகவே கிளம்புவதற்கு முன்பே பெரிய அளவு வரைபடம் ஒன்றை எடுத்து, கரையேறத் தோதான ஒவ்வோர் இடத்தையும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கயாக் வாடகைக்குக் கொடுப்பவரிடம் அதைக் காட்டிச் சரிபாருங்கள். முகாமிட எந்த இடங்களை ஒதுக்கியிருக்கிறார்கள், கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதையும் அதிலேயே குறியுங்கள். என் கணக்கில் முழுத் தயாரிப்பிலும் மிகப் பயனுள்ள அரைமணி நேரம் இதுதான்.

உங்களுக்கு இது ஏற்றதா?

நீந்தத் தெரிந்தால் மட்டும் போதாது. கவிழ்ந்த கயாக்கிலிருந்து வெளியே வந்து, ஆழ்நீரிலேயே மறுபடி ஏறி உட்கார்ந்து, உள்ளே புகுந்த தண்ணீரை இறைத்துவிட்டுத் தொடர உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். துணைக்கு வருபவரின் கயாக்கைப் பிடித்துக்கொண்டு ஏறுவதையும், துடுப்பின் முனையில் காற்றுப் பை மாட்டித் தனியாக ஏறுவதையும் குளத்திலோ அமைதியான கடலிலோ பலமுறை பழகியிருந்தால்தான் வழிகாட்டி இல்லாமல் கிளம்பலாம்.

நார்வேயில் இதற்கென்றே 'வோட்கோர்ட்' என்ற சான்று முறை இருக்கிறது. அதில் கடல் கயாக்கின் அடிப்படைப் பயிற்சி 16 மணி நேரம். வாடகைக்குக் கொடுக்கும் பலர் இந்தச் சான்றையோ அதற்கு ஈடான அனுபவத்தையோ கேட்பார்கள். முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள். பயிற்சி இல்லையென்றால் வழிகாட்டியோடு போகும் குழுவில் சேருங்கள். அதே தண்ணீர், அதே மலை, அதே கூடாரம்தான். அதில் குறைவாக எண்ண ஒன்றுமில்லை. தனியாகப் போவதை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு பேர், இரண்டு கயாக் என்பது குறைந்தபட்சம். இருவர் உட்காரும் இரட்டைக் கயாக் அதிகம் ஆடாதுதான். ஆனால் அது கவிழ்ந்தால் இருவருமே தண்ணீரில் இருப்பீர்கள், உதவிக்கு இன்னொரு படகு இருக்காது.

எப்போது, எந்த வழியாக

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை ஏற்ற காலம். ஜூனில் பனி உருகி அருவிகள் நிறைந்து கொட்டும், இரவு முழுதாக இருட்டாது. ஆகஸ்டில் தண்ணீர் சற்றுச் சூடேறியிருக்கும், அருவிகள் மெலிந்திருக்கும். வசந்தத்தில் மலைச்சரிவுகளில் பனிச்சரிவு அபாயம் உண்டு. அப்போது கரையோரம் முகாமிடும் எண்ணமே வேண்டாம்.

பெர்கனிலிருந்து ரயிலில் வோஸ், அங்கிருந்து பேருந்தில் குட்வாங்கன். ஓஸ்லோவிலிருந்து வருபவர்கள் மிர்டாலில் இறங்கி, மலையிலிருந்து கீழே இறங்கும் 20 கிலோமீட்டர் ஃப்ளோம் ரயிலைப் பிடித்து ஃப்ளோம் வந்து, அங்கிருந்து பேருந்திலோ படகிலோ குட்வாங்கன் வரலாம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணக் காப்பீடு எடுக்கும்போது கயாக் பயணத்துக்கும் மீட்புச் செலவுக்கும் அது பொருந்துமா என்று ஒரு வரி கேட்டு வாங்கி வையுங்கள்.

கயாக்கும் உடையும்

ஐந்து மீட்டர் அளவிலான கடல் கயாக் வேண்டும். முன்னும் பின்னும் தண்ணீர் புகாத தனி அறைகள் இருக்க வேண்டும். கரையோரம் விளையாடும் குட்டைக் கயாக் இதற்கு ஆகாது. கூடவே இடுப்பைச் சுற்றி மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட், கை பம்பு, துடுப்பில் மாட்டும் காற்றுப் பை, ஒரு குழுவுக்கு ஓர் உபரித் துடுப்பு, இழுவைக் கயிறு. எடுப்பதற்கு முன் அறை மூடிகளைத் திறந்து மூடிப் பாருங்கள். ரப்பர் விளிம்பு வெடித்திருந்தால் வேறு கயாக் கேளுங்கள்.

எட்டு மீட்டருக்குக் குறைந்த படகில் போகும்போது லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்க வேண்டும் என்பது நார்வேயில் 2015 முதல் சட்டம். சட்டத்தைவிட முக்கியமான காரணம் தண்ணீரின் குளிர். கோடையிலும் அது பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரிதான். ஆறு கலக்கும் இடங்களில் இன்னும் குறைவு. இந்தக் குளிரில் விழுந்ததும் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுப்பாடின்றித் திணறும். அந்த நேரத்தில் எதுவும் செய்ய முயலாமல், கயாக்கைப் பிடித்தபடி முகத்தைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டு மூச்சை நிதானப்படுத்த வேண்டும். அதன்பின் விரல்கள் சொன்னபடி கேட்பது கொஞ்ச நேரம்தான். கொடுங்குளிர் நீருக்குச் சொல்லும் கணக்கு சுமார் பத்து நிமிடம். ஃபியோர்டின் கோடை நீரில் இன்னும் சற்று அதிகம் கிடைக்கலாம், ஆனால் அதை நம்பி இருக்கக் கூடாது. மறுபடி ஏறுவதைப் பழகச் சொன்னது இதற்காகத்தான்.

எனவே வெயிலைப் பார்த்து உடுத்தாதீர்கள், தண்ணீரின் குளிரைப் பார்த்து உடுத்துங்கள். தண்ணீர் உள்ளே புகாத டிரை சூட் கிடைத்தால் அதுதான் சிறந்தது, உள்ளே கம்பளி உள்ளாடை. இல்லையென்றால் உடம்போடு ஒட்டும் தடித்த ரப்பர் உடையான வெட் சூட்டும் மேலே காற்றுத் தடுக்கும் சட்டையும். நம் ஊர் வெயிலில் பழகியவர்கள் பருத்திச் சட்டையை விட மனமில்லாமல் எடுத்து வருவார்கள். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். அதைப் பையிலேகூட வைக்க வேண்டாம். கூடாரத்தில் அணிய ஒரு முழுச் செட் உலர் கம்பளி உடை, தொப்பி, காலுறை ஆகியவற்றைத் தனிப் பையில் போட்டு, இரவு வரை திறக்காமல் வையுங்கள். ஜூலையில்கூட இரவில் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கலாம்.

சாப்பாடு, அடுப்பு

இந்தியாவிலிருந்து நேராக வருபவர்கள் கவனிக்க: ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருள்களை நார்வேக்குள் கொண்டுவரக் கூடாது. அப்படிப் பார்த்தால் நெய், பால்பவுடர், பால்கோவா எதுவும் ஆகாது. உருளைக்கிழங்குக்கும் தடை உண்டு. ரவை உப்புமா மிக்ஸ் (நெய் சேர்க்காதது), அவல், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் ஆகியவை இந்த மாதிரிப் பயணத்துக்குக் கச்சிதமானவை. எடை குறைவு, கொதிநீர் இருந்தால் போதும், குளிரில் காரம் நன்றாகவே இறங்கும். மற்றதை வோஸில் வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை விமானத்தில் ஏற்ற முடியாது. அதையும் நார்வேயில்தான் வாங்க வேண்டும். விறகு மூட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் தீ மூட்டப் பொதுத் தடை இருக்கிறது. இந்த ஃபியோர்டின் கரை முழுக்கக் காட்டை ஒட்டியதுதான். சிறு எரிவாயு அடுப்பை வெறும் பாறைமேல் வைத்துப் பயன்படுத்துங்கள்.

ஃபியோர்டு நீர் உப்பானது. பனி உருகும் காலத்தில் மேற்பரப்பு உப்புக் குறைந்து தெரியும், ஆனாலும் குடிக்க ஆகாது. ஓடைகள் ஏராளம், ஆனால் மேலே ஆடுகள் மேய்கின்றன. கொதிக்க வையுங்கள் அல்லது வடிகட்டி கொண்டு போங்கள். கிளம்பும்போது ஆளுக்கு மூன்று லிட்டராவது கையில் இருக்கட்டும்.

மூட்டையைக் கயாக்கில் ஏற்றுவது

பெரிய பை ஒன்று கயாக்கின் வாய் வழியே நுழையாது. 5 முதல் 13 லிட்டர் வரையிலான, தண்ணீர் புகாத சிறு டிரை பேக்குகளாகப் பிரியுங்கள். கனமானவை (தண்ணீர், சாப்பாடு, அடுப்பு) இருக்கைக்குப் பக்கத்தில், அடியில். லேசானவை (ஸ்லீப்பிங் பேக், உடை) முனைகளில். கூடாரக் கம்பிகளைத் தனியே பிரித்து முன்முனைக்குள் நுழைத்தால் வீணாகும் இடம் பயன்படும். இடமும் வலமும் எடை சமமாக இருக்கிறதா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் உடனே இறக்கி மாற்றுங்கள். இருபது கிலோமீட்டர் சாய்ந்தபடி வலித்தால் இடுப்பு கேட்காது. மேல்தளத்தில் வரைபடமும் உபரித் துடுப்பும் தவிர எதையும் கட்டாதீர்கள். உயரத்தில் எடை ஏறினால் காற்று பிடிக்கும், கயாக் ஆடும்.

போன், அவசர ஒலிபரப்பி, விசில், கொஞ்சம் தின்பண்டம் ஆகியவை உங்கள் உடம்போடு இருக்க வேண்டும். கவிழ்ந்து கயாக் கைவிட்டுப் போனால் மிஞ்சுவது சட்டைப்பையில் இருப்பது மட்டும்தான்.

முதல் நாள்: குட்வாங்கனிலிருந்து

நல்ல வெயில் நாளில் ஃபியோர்டின் காற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. காலையில் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும். சூரியன் ஏறி நிலம் சூடானதும், மதியத்தை ஒட்டி வெளியிலிருந்து உள்நோக்கி, அதாவது குட்வாங்கனை நோக்கிக் காற்று எழும். மாலையில் அடங்கும். இரவில் மலையிலிருந்து குளிர்காற்று இறங்கி வெளிநோக்கிப் போகும். மேகமூட்டமான நாளில் இந்த ஒழுங்கு குலையும். பக்கவாட்டுப் பள்ளத்தாக்குகளிலிருந்து திடீரென்று ஓங்கி அறையும் காற்றும் இறங்கும். நார்வே வானிலை நிறுவனத்தின் 'யர்' செயலியில் முந்தைய இரவும் காலையும் பாருங்கள். நொடிக்கு 6, 7 மீட்டருக்கு மேல் காற்று காட்டினால், புதியவர்கள் அன்று தண்ணீரில் இறங்காமல் இருப்பதே சரி. செயலி சொல்வது பரந்த பகுதிக்கானது. குறுகிய ஃபியோர்டில் காற்று இன்னும் நெரிந்து வேகமெடுக்கும்.

ஆகவே காலை எட்டு மணிக்குள் தண்ணீரில் இருங்கள். சுமையோடு மணிக்கு 4 கிலோமீட்டர் என்று கணக்கு வையுங்கள். முதல் ஐந்து கிலோமீட்டரில் மேற்குக் கரையில் பக்கா என்ற பண்ணைக் குடியிருப்பும் 1859-இல் கட்டிய வெள்ளைத் தேவாலயமும் வரும். குட்வாங்கனிலிருந்து சாலை அதுவரைதான். அதற்கப்பால் நீங்களும் தண்ணீரும்தான். இங்கே ஒருமுறை நின்று, எல்லோருக்கும் தோளும் மணிக்கட்டும் எப்படி இருக்கின்றன என்று கேளுங்கள். திரும்பிப் போக எளிதான கடைசி இடம் இது.

அடுத்து வருவது மிகக் குறுகலான பகுதி. சுற்றுலாப் படகுகளும் இதே வழியில்தான் வரும். ஃப்ளோம்–குட்வாங்கன் இடையே ஓடும் பெரிய படகுகள் மின்சாரத்தில் ஓடுகின்றன. 2026 ஜனவரி முதல், 10,000 டன் கொள்ளளவுக்குக் கீழுள்ள பயணிகள் கப்பல்கள் உலகப் பாரம்பரிய ஃபியோர்டுகளில் புகையே வெளியிடக் கூடாது என்ற விதியும் வந்திருக்கிறது. காற்றுக்கும் மலைக்கும் இது பெரிய நன்மை. ஆனால் கயாக்கில் இருப்பவருக்கு ஒரு புது ஆபத்து: பின்னால் படகு வரும் சத்தம் கேட்காது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை தலையைத் திருப்பிப் பாருங்கள். ஒரே கரையை ஒட்டிப் போங்கள், குழுவாக நெருங்கியிருங்கள். மறுகரைக்குக் கடக்க வேண்டுமானால் இருபுறமும் பார்த்துவிட்டு நேர்க்கோட்டில் விரைவாகக் கடந்துவிடுங்கள்.

படகு போன பிறகு அலை கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். முன்முனையை அலைக்கு எதிரே திருப்பி நில்லுங்கள். செங்குத்துப் பாறைச் சுவரை ஒட்டி இருக்காதீர்கள். சுவரில் மோதித் திரும்பும் அலை, வரும் அலையோடு கலந்து தண்ணீரைக் கொந்தளிக்க வைக்கும். சுவரிலிருந்து இருபது முப்பது மீட்டர் தள்ளி இருந்தால் அது உங்களைத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும்.

குட்வாங்கனிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், மேற்கே டிர்டால், கிழக்கே ஸ்டீவி என்ற பழைய பண்ணைகள். இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே முகாமிடும் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். மதியக் காற்று எழுவதற்குள் வந்துசேர்ந்துவிடலாம்.

கூடாரம் எங்கே, எப்படி

1957-ஆம் ஆண்டு வெளிப்புறச் சட்டத்தின்படி, பயிரிடாத நிலத்தில் யாரும் நடக்கலாம், கூடாரமடிக்கலாம். குடியிருக்கும் வீட்டிலிருந்தும் விடுதிக் குடிலிலிருந்தும் 150 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் தங்க நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். பச்சைப் பசேலென்று சமமாகத் தெரியும் புல்வெளி பெரும்பாலும் யாரோ ஆட்டுக்கு வைக்கோல் வளர்க்கும் நிலம். அங்கே அடிக்கக் கூடாது. இந்தப் பகுதி பாதுகாக்கப்பட்ட நிலப்பரப்பும்கூட. முகாமுக்கென்று ஒதுக்கிய இடங்கள் இருந்தால் அங்கேயே தங்குங்கள், அறிவிப்புப் பலகையில் எழுதியிருப்பதே முடிவு.

அதைவிடப் பெரிய விஷயம் தலைக்கு மேலே இருப்பது. மலைச்சரிவிலிருந்து விசிறிபோலப் பரந்திருக்கும் கற்குவியலின் அடியில் ஒருபோதும் கூடாரம் போடாதீர்கள். கற்களின் மேல் பாசி படிந்திருக்கிறதா, அல்லது புதிதாக உடைந்த வெளிர் நிறம் தெரிகிறதா என்று பாருங்கள். வெளிர் நிறம் என்றால் சமீபத்தில் விழுந்தவை. மழைக்குப் பின் கல் விழுவது கூடும். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 1934 ஏப்ரலில் வடக்கே டாஃப்யோர்டில் மலை சரிந்து ஃபியோர்டில் விழுந்து எழுப்பிய அலையில் 40 பேர் இறந்தார்கள். அந்த அளவு சரிவு அபூர்வம். தனிக்கற்கள் அபூர்வம் இல்லை.

கயாக்கை நீர்விளிம்பில் விட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. கடல் ஏறி இறங்கும் உயரம் இங்கே ஒரு மீட்டரைத் தாண்டலாம், அதோடு படகு அலையும் சேரும். பாறையில் பாசி வரிசை முடியும் இடத்துக்கும் மேலே தூக்கி வைத்து, மரத்தில் கட்டுங்கள். சுமை ஏற்றிய கயாக்கைத் தூக்காதீர்கள், முதலில் பொருள்களை இறக்குங்கள். துடுப்பையும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டையும் கயாக்கின் உள்ளே திணித்து வையுங்கள்.

ஒதுக்கிய கழிப்பறை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லாத இடத்தில் கரையிலிருந்தும் ஓடையிலிருந்தும் தள்ளிக் குழி தோண்டி மூடுங்கள். காகிதத்தைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டு வாருங்கள். குறுகிய கரை இது. ஒருவர் விட்டுப்போனது அடுத்தவரின் கூடாரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். படுக்கும் முன் கால் மடிப்புகளில் உண்ணி ஏறியிருக்கிறதா பாருங்கள்.

மாலையில் காற்று அடங்கியதும், காலியான கயாக்கை எடுத்துக்கொண்டு பெய்ட்டெலன் வரை போய் வருவது இந்தப் பயணத்திலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி. போகவர சுமார் 12 கிலோமீட்டர். ஜூன், ஜூலையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், படகுகள் ஓய்ந்திருக்கும். நேரோய்ஃபியோர்டு ஔர்லண்ட்ஃபியோர்டில் திறக்கும் இடத்தில் சுவர்கள் விலகி வானம் சட்டென்று பெரிதாகிவிடும். நீர்நாய்த் தலைபோல் ஏதாவது எட்டிப் பார்த்தால் அது பெரும்பாலும் சீல்தான். நெருங்காமல் துடுப்பை நிறுத்திவிட்டுப் பாருங்கள். டிரை சூட், லைஃப் ஜாக்கெட், துணை ஆகியவை இந்தக் குட்டிப் பயணத்துக்கும் கட்டாயம்.

இரண்டாம் நாள்

காலையில் அவசரப்பட வேண்டாம். ஸ்டீவியிலிருந்து கிழக்குக் கரையோரம் பழைய அரச தபால் பாதையின் ஒரு துண்டு பிளெய்க்லிண்டி வரை போகிறது, சுமார் ஆறு கிலோமீட்டர். நார்வேயின் தபால் சேவை 1647-இல் தொடங்கியது. ஓஸ்லோவுக்கும் பெர்கனுக்கும் இடையே கடிதங்கள் போன வழி இது. முழுவதும் நடக்காவிட்டாலும் ஒரு மணி நேரம் நடந்து திரும்புங்கள். நேற்று தண்ணீரிலிருந்து பார்த்த சுவரை மேலிருந்து பார்க்கலாம், கால்களுக்கும் நல்லது.

பதினோரு மணியளவில் கிளம்பினால் உள்நோக்கி எழும் காற்று முதுகுப் பக்கம் இருக்கும், வேலை பாதியாகும். ஆனால் காற்று வலுத்தால் பின்னாலிருந்து வரும் அலை கயாக்கைப் பக்கவாட்டில் திருப்பப் பார்க்கும். புதியவர்களுக்கு எதிர்க்காற்றைவிட இது கடினம். சுக்கான் இருந்தால் இறக்குங்கள், அலையோடு போட்டி போடாமல் அது கடந்து போக விடுங்கள். அலை முகட்டில் வெள்ளை நுரை பரவலாகத் தெரிந்தால், நீங்கள் குறித்து வைத்த அடுத்த கரையில் ஏறிவிடுங்கள். டீ போட்டுக் குடியுங்கள். மாலையில் காற்று அடங்கும். அதனால் அன்றிரவுக்கே ரயிலோ விமானமோ பதிவு செய்யாதீர்கள். ஓர் இரவு இடைவெளி விட்டால்தான் கரையில் காத்திருக்க மனம் வரும். உபரியாக ஒரு வேளைச் சாப்பாட்டையும் இதற்காகவே எடுத்து வையுங்கள்.

மூன்று நாள் இருந்தால் பெய்ட்டெலனைத் தாண்டி ஔர்லண்ட்ஃபியோர்டில் திரும்பி, ஆட்டுப்பால் சீஸுக்கும் நாற்பது பேர் மட்டுமே அமரும் பழைய மரத் தேவாலயத்துக்கும் பெயர்போன உன்ரெடால் வழியாக ஃப்ளோம் வரை போகலாம். அங்கே ஃபியோர்டு அகலம், அலையும் பெரிது. கயாக்கை ஃப்ளோமில் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

உதவி தேவைப்பட்டால்

மலைச்சுவர்களுக்கு நடுவே போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். அதை மட்டும் நம்பாமல், செயற்கைக்கோள் வழியாக இடத்தைச் சொல்லும் அவசர ஒலிபரப்பி ஒன்றை வாடகைக்காவது எடுங்கள். சிக்னல் இருந்தால் மருத்துவ உதவிக்கு 113, காவல்துறைக்கும் மீட்புக்கும் 112. கையடக்க விஎச்எஃப் ரேடியோ இருந்தால் 16-ஆம் அலைவரிசை. ஒருவர் நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, மந்தமாகத் தெரிந்தால் தாமதிக்காதீர்கள். கரையேற்றி, ஈர உடையைக் கழற்றி, உலர் உடையும் ஸ்லீப்பிங் பேக்கும் போர்த்தி, உதவி கேளுங்கள்.

கிளம்பும் முன் உங்கள் வழி, முகாம் இடம், கயாக்கின் நிறம், திரும்பும் நேரம், எந்த நேரத்துக்கு மேல் தேட வேண்டும் ஆகியவற்றை எழுதி, வாடகைக்குக் கொடுத்தவரிடமும் ஊரில் ஒருவரிடமும் கொடுத்துவிட்டுப் போங்கள். குட்வாங்கனில் கரையேறியதும், கயாக்கைக் கழுவுவதற்கு முன்பே அந்த இருவருக்கும் "வந்துவிட்டோம்" என்று செய்தி அனுப்பிவிடுங்கள். மறந்தால் உங்களைத் தேடி மீட்புப் படகு கிளம்பிவிடும், அதே நேரத்தில் உண்மையிலேயே தவிக்கும் ஒருவருக்கு அது கிடைக்காமல் போகலாம்.